தீவில் பசுமைக்குடில்: எந்தப் பக்கம் வைப்பது?

வீட்டில் ஒரு பசுமைக்குடில் போட வேண்டும், எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்பவர்கள் எங்கள் தீவில் கூடிக்கொண்டே வருகிறார்கள். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை பஸ்ஸில் வந்தால் பின்கட்டிலும் மொட்டைமாடியிலும் பச்சை வலை கண்ணில் படுகிறது. கத்தரி, தக்காளி, கீரை, நாலு ரோஜா, கொஞ்சம் மல்லி. எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். காய்கறியில் பெரும்பகுதி பாலம் தாண்டி வண்டியில் வருகிற ஊரில், ஒரு வீடு தன் கீரையைத் தானே பறித்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். "தெற்கு வெயில் நல்லா விழணுமாம்ல மச்சான், வீட்டுக்குத் தெக்க போட்ருவமா?" என்று என் மைத்துனர் கேட்டதும் அப்படித்தான். அவர் வீடு தங்கச்சிமடத்தில். தெற்கே ஒரு வரிசை வீடு, ஒரு பொட்டல், அதைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

தெற்கே வை என்பது குளிர்நாட்டு யோசனை. லண்டன் 51 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிப்பொழுதில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறும். கிடைக்கிற கொஞ்ச வெயிலைக் கண்ணாடிக்குள் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. தனுஷ்கோடி 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற நாளை ஒட்டி, மணி பன்னிரண்டே கால் சுமாருக்கு, சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். குச்சி ஒன்றை நட்டால் நிழலே தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அப்படி வரும். நடுவே உள்ள நாலரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் சாய்ந்திருக்கும். தெற்கு வெயில் என்று ஒன்று நமக்கு மார்கழியை ஒட்டித்தான் பெரிதாக உண்டு.

கணக்காகவே பார்க்கலாம். பத்தடி உயரச் சுவரின் நண்பகல் நிழல் ஜூன் 21 அன்று தெற்கே இரண்டரை அடி விழும். டிசம்பர் 21 அன்று வடக்கே ஆறரை அடி விழும். வருஷம் முழுக்க அவ்வளவுதான் ஆட்டம். ஆகவே வெளிச்சம் போதுமா என்ற கவலையே இங்கே வேண்டாம். பிற்பகல் வெயிலை எப்படிக் குறைப்பது என்றுதான் யோசிக்க வேண்டும். இந்தத் தீவில் குடிலுக்கு இடம் சொல்வது காற்று. அதற்கு அடுத்தது காற்று கொண்டுவருகிற உப்பு. மூன்றாவது, அடியில் இருக்கிற நல்ல தண்ணீர். வெயில் நாலாவதுதான்.

காற்றைப் பற்றி இந்தக் கரையில் யாரிடமும் பாடம் படிக்க வேண்டாம், கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் போதும். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். வைகாசி முதல் ஆவணி வரை கச்சானும் சோழகமும் கலந்து தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடையும் கொண்டலும் வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால் இரண்டு காற்றுக்குமே நாம் அகலமாக முகம் காட்டிக்கொண்டு நிற்கிறோம். வடக்கே பாக் நீரிணை, அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வருஷத்தில் பெரும்பாலும் அலை ஓங்கி அடிப்பது ஆண்கடல் பக்கம். மைத்துனர் குடில் போட நினைத்ததும் அந்தப் பக்கத்தில்தான்.

காற்றின் பலம் புரிய வேண்டுமானால் பாம்பன் பழைய ரயில் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ரயில் ஓடிய காலத்தில், மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ரயிலை விடமாட்டார்கள். அந்த வேகத்தில் காற்று, தன்னை முழுதாகத் தடுத்து நிற்கிற ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 16 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். பத்துக்குப் பத்தடி பாலித்தீன் சுவர் என்றால் 150 கிலோ வந்துவிட்டது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நாலு மடங்காகும். சாதாரண நாளில் குடில் அசையாமல் நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டு இருக்க முடியாது. கூரைக்கு உள்ளே புகுந்த காற்று மேல்நோக்கித் தூக்கும் என்பது தனிக்கதை. நம் மணலில் நட்ட கம்பம் பக்கவாட்டில் சாய்வதற்கு முன்பே மேலே பிடுங்கிக்கொண்டு வரும்.

தனுஷ்கோடி வரை ஒருமுறை இதற்காகவே போய்ப் பார்ப்பது நல்லது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-ல் போட்ட சாலை இருக்கிறது. ஆனி, ஆடியில் போனால் தென்கடல் பக்கத்து மணல் அந்தச் சாலையின் மேல் ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். சில நாள் சாலையை மூடிவிடவும் செய்யும். கரையோர மேட்டில் என்ன முளைத்திருக்கிறது என்று கவனியுங்கள். முதல் வரிசையில் அடப்பங்கொடி, மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கும். அடுத்து ராவணன் மீசை, முள்ளு முள்ளாகப் பந்து கட்டிக்கொண்டு மணலைப் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளித் தாழை. அதற்கும் உள்ளே உடைமரமும் பனையும். உப்புக்காற்று எந்த இடத்தில் எவ்வளவு என்று இந்தச் செடிகள் வரிசையாக நின்று காட்டுகின்றன. உங்கள் மனையில் தானாக முளைத்து நிற்பது எது என்று பாருங்கள். அடப்பங்கொடி மட்டும்தான் என்றால் அங்கே தக்காளி வராது. வேம்பும் முருங்கையும் நுனி கருகாமல் நிற்கிறதென்றால் நம்பி இறங்கலாம்.

தனுஷ்கோடியிலேயே ஒரு குடில் போட முடியுமா என்றும் ஒருவர் கேட்டார். ஆசை புரிகிறது, ஆனால் அது வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போனது. அதற்குப் பிறகு அரசு அதைக் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது. அங்கே இன்றும் குடிசை போட்டு வாழ்கிற மீனவக் குடும்பங்களுக்கு அது தொழிலிடம், வேறு வழியில்லாமல் காற்றோடு வாழ்கிறார்கள். இப்போது அங்கே உள்ள கழிமுகப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாகவும் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டிருக்கிறது, 500 ஹெக்டேருக்கும் மேல். பூநாரை வந்து இறங்குகிற இடத்தில் பச்சை வலை எதற்கு? தீவில் மற்ற இடங்களிலும் கரையை ஒட்டி மனை இருப்பவர்கள் கான்கிரீட் அடித்தளம் போடுவதற்கு முன், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி தங்கள் மனைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிடுவது நல்லது.

உப்பை அளக்க ஒரு எளிய வழி சொல்கிறேன், பெரிய செலவு கிடையாது. கடையில் புதுக் கட்டுக்கம்பி ஒரு சுற்று வாங்கி, ஒரு சாண் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டுங்கள். எண்ணெய்ப் பசை போக சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். மனையில் குடில் போடலாம் என்று தோன்றுகிற ஒவ்வொரு இடத்திலும் இடுப்புயரக் குச்சி நட்டு ஒவ்வொரு துண்டைக் கட்டுங்கள். மழை படாமல் மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது, மழை உப்பைக் கழுவிவிடும். இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். என் வீட்டில் தென்மேற்கு மூலையில் கட்டியது செங்கல் நிறத்துக்குப் போய், விரலால் தடவினால் பொடியாக உதிர்ந்தது. கிழக்குச் சுவரோரம் கட்டியதில் அங்கங்கே புள்ளிதான். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வீடு. ஒரே மனையில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று கண்ணால் பார்க்காவிட்டால் நம்ப மாட்டீர்கள்.

அலை உடைகிற இடத்தில் தெறிக்கிற நுண்துளிதான் காற்றில் ஏறி உப்பாக வருகிறது. முதல் சில நூறு மீட்டருக்குள் அதிகம் இறங்கிவிடும், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். வழியில் மரமோ வீடோ இருந்தால் அதன் மேல் படிந்துவிடும். செடிக்கு வரும் கேடு இலையோரத்தில் தொடங்கும். விளிம்பு மட்டும் காய்ந்து பழுப்பாகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டாலே பாதி சரியாகும். பாலித்தீன் கூரையிலும் உப்பும் தூசியும் பூசிக்கொண்டு வெளிச்சம் மங்கும். இரும்புக்கு நடப்பதைச் சொல்லவே வேண்டாம். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள் என்றால் காரணம் துருதான். புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பெயின்டும் தேவைப்பட்டன.

இடம் பார்ப்பதில் எனக்குத் தெரிந்து இந்தத் தீவின் பெரிய ஆசிரியர்கள் தங்கச்சிமடத்து மல்லி நாற்றுக்காரர்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல்; அந்த மல்லித் தோட்டங்களுக்கு நாற்று போவது எங்கள் மணலிலிருந்து. வெளிமாநிலத்துக்கும் போகிறது. கண்ணாடியும் இல்லை, குழாய்ச் சட்டமும் இல்லை. மணல் பாத்தி, நெருக்கமாக ஊன்றிய மல்லிக் குச்சி, கைநிறைய அள்ளித் தெளிக்கிற தண்ணீர். மணலில் தண்ணீர் நிற்காது, அதனால் குச்சி அழுகாமல் வேர்விடும்; பிடுங்கும்போது வேர் அறாமல் வரும். அந்தப் பாத்திகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே நடந்தால் விஷயம் விளங்கும். கடல் தெரிகிற பொட்டலில் ஒன்றுகூட இருக்காது. தென்னந்தோப்பை ஒட்டி, வேலிக்கு உள்பக்கம், கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எல்லாம்.

நாற்றுப் போடுகிற அக்கா ஒருவரிடம் ஏன் அந்த மூலையை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். நல்ல வெளிச்சமான மூலை, மண்ணும் அதே மண். "அங்கன தென்னை வரிசையில ரெண்டு மரம் இல்ல பாருங்க தம்பி. அந்தச் சந்து வழியா கச்சான் பூந்து அடிக்கும். ஊன்டுன குச்சி ஆடிக்கிட்டே கெடந்தா வேர் எப்படிப் பிடிக்கும்?" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இரண்டு தடுப்புக்கு நடுவே உள்ள சந்தில் காற்று நெருங்கி வேகம் கூடுகிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே என்று பலர் மறைவிடமாக நினைத்துக் குடில் போடுகிற இடமெல்லாம் இப்படிப்பட்ட சந்துதான்.

மறைவு என்றால் மதில் என்று நினைக்காதீர்கள். முழுக்க அடைத்த மதிலைத் தாண்டிக் குதிக்கிற காற்று, பின்னால் சுழன்று விழும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் நல்லது. பனைமட்டை வேலி, கீற்று வேலி, நெருக்கமாக நட்ட சவுக்கு எதுவானாலும் சரி. வேலி எவ்வளவு உயரமோ அதைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்று தணிந்திருக்கும். ஏழடி கீற்று வேலி எழுபதடிக்குத் துணை வரும், அதற்குள் இருபதிலிருந்து நாற்பதடியில் நல்ல அமைதி. ஊர்ப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றி மட்டைவேலி அடைத்திருப்பது அழகுக்காக இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான். வீட்டுக்குக் கிழக்கே வையுங்கள். கச்சானையும் சோழகத்தையும் வீடே வாங்கிக்கொள்ளும். காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் வந்து குடிலை மூடும். பிற்பகல் சூடு குறைய இதைவிட மலிவான வழி இல்லை. சுவரோடு ஒட்டாமல் இரண்டு ஆள் நடக்கிற இடம் விடுங்கள், மழையில் கூரைத் தண்ணீர் குடில்மேல் கொட்டக் கூடாது. வாடையும் கொண்டலும் கிழக்குப் பக்கத்தை நேராகத் தாக்கும் என்பது உண்மை. அதற்குக் குடிலின் வடக்கிலும் வடகிழக்கிலும் ஒரு மட்டைவேலியோ சவுக்கு வரிசையோ வேண்டும். நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும், அப்படியானால் சூரியன் நகர நகர உள்ளே நிழலும் நகர்ந்து எல்லாச் செடிக்கும் வெளிச்சம் பங்காகும். உயரம் ஏழு எட்டு அடி போதும். ஸ்பெயினில் அல்மேரியாக் கரையில் சுமார் 30,000 ஹெக்டேருக்குக் குடில்கள் இருக்கின்றன, அங்கேயும் கடல்காற்றுதான். அவர்கள் பழைய குடில்களைத் தாழ்வாக, தட்டையான கூரையாக, கம்பி வலைப்பின்னலில் கட்டினார்கள். மண்ணுக்கு மேல் எரு, அதற்கு மேல் ஒரு படுகை மணல் பரப்பி ஈரத்தைக் காப்பதும் அவர்கள் வழக்கம். மணலுக்கா நமக்குப் பஞ்சம்?

மொட்டைமாடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தொட்டிச் செடி வையுங்கள், கைப்பிடிச் சுவருக்குக் கீழே அடங்குகிற உயரத்தில் வலை கட்டுங்கள், அது போதும். அதற்கு மேல் எழும்பியதெல்லாம் வாடை மாதத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய்ச்சேரும். தென்னைக்கு நேர் கீழேயும் வேண்டாம். மட்டையும் காயும் விழும்.

பாலித்தீனா வலையா என்பதும் இடத்தோடு சேர்ந்த கேள்வி. மூடிய பாலித்தீன் குடிலில் சித்திரை வெயிலுக்கு உள்ளே நிற்கவே முடியாது. ஈரத் திரையும் விசிறியும் வைத்துக் குளிர்விக்கலாம் என்பார்கள். அது காற்று வறண்ட ஊருக்கு. சார்லி பாட்டன் என்ற ஆங்கிலேயர் கடல்நீரையே சுவரில் வழியவிட்டுக் குளிர்விக்கிற குடிலை 1990-களில் டெனரிஃப் தீவில் அமைத்தார், பிறகு அபுதாபி, ஓமன் என்று போனது. பாலைவனக் காற்றுக்கு அது அருமையான வேலை. நம் காற்று ஏற்கெனவே கடலைக் குடித்துவிட்டு வருகிறது, அதில் இன்னும் எவ்வளவு ஈரம் ஏறும்? நமக்கு 50 சதவீத நிழல்வலை, நாலு பக்கமும் காற்றோட்டம், மழை மாதத்துக்கு மட்டும் கூரையில் போட்டுப் பிறகு சுருட்டி எடுக்கிற பாலித்தீன். புயல் எச்சரிக்கை வந்தால் அரைமணி நேரத்தில் வலையைக் கழற்றுகிற மாதிரி கயிறால் கட்டுங்கள். வலை போனாலும் சட்டம் நிற்கும்.

இனி தண்ணீர். தனுஷ்கோடியில் கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நெதர்லாந்தின் பாடன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாக இதைக் கணக்குப் போட்டார்கள்; ஹெர்ஸ்பெர்க் பார்த்ததும் நம்மைப்போல் ஒரு மணல் தீவு, நார்டெர்னை. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி ஆழத்துக்கு இருக்கும். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது: மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பதடி ஏறத் தொடங்கும். கிணற்றில் மோட்டார் வைத்து ஒரேயடியாக உறிஞ்சினால் அந்த இடத்தில் உப்பு கூம்பாக மேலே வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து. சிரட்டையால் மொள்ளுகிற அந்தப் பெண்கள் எடுப்பது ஊறுகிற அளவுக்குத்தான்.

அதனால் குடிலைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைப்பதோடு, அதன் தேவையைச் சின்னதாகவும் வையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி மழை முடிந்த தை மாதத்திலும் வறண்ட ஆனியிலும் கிணற்றுத் தண்ணீரை அளந்து எழுதி வையுங்கள். ஆனி அளவுதான் உங்கள் உண்மையான அளவு. குடிலின் பாலித்தீன் கூரையில் விழும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்தால் நாற்றுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. நூறு சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் தொண்ணூறு லிட்டர் சொச்சம். மழை எங்களுக்கு வந்தால் மொத்தமாகவும் வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே பகலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மணல் உறிஞ்சிவிடும் என்று நம்பித் தாழ்வான மூலையைத் தேர்ந்தெடுத்தால், அடியில் தண்ணீர் மட்டம் ஏறி வந்து பாத்தியில் நிற்கும். அன்று தண்ணீர் எங்கெங்கே நின்றது என்று தெருவில் பெரியவர்களைக் கேளுங்கள், சுவரில் கோடு இருந்தால் பாருங்கள். அந்த மட்டத்துக்கு ஒரு முழம் மேலே பாத்தியை உயர்த்திக் கட்டினால் போதும்.

கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி.ஐ. குழாய் வாங்கினால் வெட்டிய முனையிலும் துளையிலும் முதலில் துரு வரும், அங்கே பெயின்ட் அடித்து மூடுங்கள். சவுக்குக் கம்பம் எங்களுக்கு மலிவு. மூன்றடி தோண்டி, கம்பத்தின் அடியில் குறுக்கே ஒரு பனஞ்சட்டத்தை அறைந்து புதைத்தால், மேலே தூக்கும் காற்றுக்கு அந்தக் குறுக்குக்கட்டை மணலையே பாரமாக்கிக்கொள்ளும்.

மைத்துனர் கடைசியில் கிழக்குப் பக்கத்துக்கு ஒத்துக்கொண்டார். அங்கே துணி காயப்போடுகிற கொடி இருந்தது, அதை எங்கே மாற்றுவது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு. தெற்கே மாற்றச் சொன்னேன்; துணிக்குக் கச்சான் நல்லது. வேலையை எப்போது தொடங்கலாம் என்றார். வேலிக்குச் சவுக்குக் கன்றை ஐப்பசி மழையில் நட்டுவிடுங்கள், கம்பம் ஊன்றுவதைத் தை பிறந்து வாடை தணிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், கச்சான் கிளம்புவதற்குள் நாலு மாதம் இருக்கிறது என்றேன். கதவை வடக்கே வைக்க வேண்டாம், தென்கிழக்கு மூலையில் வைத்தால் எந்தக் காற்றுக்கும் நேராகத் திறக்காது.